ஏற்காட்டில் வானம் பார்க்க ஒரு கட்டணம்: காப்பித் தோட்ட விடுதியின் இரவு நிகழ்ச்சி குறித்து

ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் சாலையில், சில்வர் ஓக் மரங்களுக்கும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளுக்கும் நடுவே அமைந்துள்ள ஒரு காப்பித் தோட்ட விடுதி, வார இறுதிகளில் தொலைநோக்கி வழியாக விண்முகில்களையும் (விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசுத் திரள்கள்) விண்மீன் கொத்துகளையும் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை நடத்திவருகிறது. நபருக்கு 1,200 ரூபாய் கட்டணம். நள்ளிரவுக்குப் பின்னும் விழித்திருக்க விரும்புவோர் மேலும் 500 ரூபாய் தர வேண்டும். மாசி அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமையில் குடும்பத்துடன் இதில் கலந்துகொண்டேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விடுதிக்காரர்கள் பெரிதாக விளம்பரம் செய்யும் முன்னிரவுப் பகுதி நடுத்தரமானது, அவர்கள் ஏதோ கொசுறுபோலச் சேர்த்திருக்கும் பின்னிரவுப் பகுதியோ, இந்த மலையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலேயே பணம் கொடுத்துப் பார்க்கத் தகுந்த அரிய காட்சிகளுள் ஒன்று.

நிகழ்ச்சி நடக்கும் இடம் காப்பிக்கொட்டை உலர்த்தும் சிமெண்டுக் களம். இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடிப்பிடிப்பது கடினம். தோட்டத்தின் மற்ற பகுதிகளில் நிழல் மரங்கள் வானத்தில் பாதியை மறைத்துவிடும் நிலையில், களம் மட்டும் வெயில் படுவதற்காகவே நாற்புறமும் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது; தென்கிழக்கில் நிலம் சரிவாக இறங்குவதால் அந்தத் திசையில் அடிவானம் வரை பார்வை தடையின்றிச் செல்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நிற்கும்போது, சமவெளியின் தூசும் புகையும் பெரும்பாலும் நமக்குக் கீழேயே தங்கிவிடுகின்றன. குறை, மனிதர் செய்ததுதான். களத்திலிருந்து நாற்பது அடி தொலைவில் உள்ள உணவுக்கூடத்தின் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் இரவு ஒன்பதரை மணி வரை எரிந்துகொண்டே இருந்தன. இருட்டுக்கு நம் கண்கள் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் தேவைப்படுகின்றன. அதைக் கெடுக்க ஒரே ஒரு கணம் வெள்ளை ஒளி பட்டால் போதும். விண்முகில் பார்க்கவென்று 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு விருந்தினர் கண்ணில் விளக்கடிப்பது எந்த வகை உபசாரம் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு முறை கேட்ட பிறகு ஒரு விளக்கை அணைத்தார்கள்.

கருவியைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. எட்டு அங்குல விட்டமுள்ள ஆடி கொண்ட டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. குவியத் தொலைவு 1,200 மில்லிமீட்டர். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜான் டாப்சன் என்பவர் 1960களில் பரவலாக்கிய, மரப்பலகைப் பெட்டியின் மேல் குழாயை வைத்துக் கையால் தள்ளித் திருப்பும் எளிய அமைப்பு இது. மின்மோட்டார் கிடையாது, ஆகவே, புவி சுழலச் சுழலக் காட்சி நழுவிக்கொண்டே இருக்கும், வழிகாட்டி அவ்வப்போது குழாயைத் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். ஆடிகள் சரியாக நேர்ப்படுத்தப்பட்டிருந்தன என்பது முதல் விண்மீனைப் பார்த்ததுமே தெரிந்தது. 25 மில்லிமீட்டர் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) ஒன்று, 10 மில்லிமீட்டர் ஐபீஸ் ஒன்று, அயனியாக்கப்பட்ட ஆக்சிஜனின் பச்சை ஒளியை மட்டும் விடுகிற வடிகட்டி ஒன்று, இவ்வளவுதான் துணைக்கருவிகள். ஆனால் ஒரு இருகண் நோக்கிகூட அங்கே இல்லை என்பது பெரும் குறை. அதன் விளைவை முதல் அரைமணி நேரத்திலேயே கண்டோம்.

கார்த்திகைக் கொத்து வானத்தில் ஏறத்தாழ இரண்டு பாகை அகலம் கொண்டது. 48 மடங்கு உருப்பெருக்கும் இந்தத் தொலைநோக்கியிலோ ஒரே நேரத்தில் தெரிவது ஏறக்குறைய ஒரு பாகைதான். எனவே எவ்வளவு திருப்பினாலும் கொத்தின் ஒரு துண்டு மட்டுமே கண்ணில் படும். வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்த, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பேரனுடன் வந்த பாட்டி ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, ஆறு மீனும் ஒண்ணாத்தானே இருக்கோணும், இதுல ரெண்டு மூணுதான் தெரியுது?” என்று கேட்டார். வழிகாட்டி சிரித்துச் சமாளித்தார். பாட்டியின் கேள்வியில் தவறேதுமில்லை. இருகண் நோக்கி ஒன்றைக் கையில் கொடுத்திருந்தால் அவரும் நிறைவுடன் நகர்ந்திருப்பார். பூசம் என்று நாம் அழைக்கும் கடக ராசிக் கொத்துக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

வழிகாட்டியாக இருந்தவர் சேலத்தில் இயற்பியல் பயிற்றுவிக்கும் இளைஞர். கை தேர்ந்தவர், செயலியின் உதவியில்லாமல், விண்மீனிலிருந்து விண்மீனுக்குத் தாவி, கேட்ட பொருளை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார். சொல்வதில்தான் ஒரு பற்றாக்குறை. முன்னிரவு முழுவதும் அவர் மெசியே பட்டியலின் எண்களை ஒப்பிப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டார்: இது எம் 42, இது எம் 1, இது எம் 45, இது எம் 44. எண்கள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அந்தப் பட்டியல் ஏன் உருவானது என்பது நிற்கும். சார்ல் மெசியே விண்முகில்களைத் தேடியவர் அல்லர். பாரிஸில் வால்மீன்களைத் தேடிக்கொண்டிருந்தவர். 1758ஆம் ஆண்டு ரிஷப ராசியில், வால்மீன்போலத் தோன்றியும் இடம்பெயராத ஒரு மங்கலான புகைத்திட்டைக் கண்டதிலிருந்துதான், தம்மை ஏமாற்றக்கூடிய இத்தகைய பொருள்களைக் குறித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பெற்றது. அதுவே எம் 1. 1771இல் 45 பொருள்களுடன் சமர்ப்பித்த முதல் பட்டியல், சக வானியலாளர் பியேர் மெஷேனின் கண்டுபிடிப்புகளும் சேர்ந்து, 1781இல் 103ஆக வளர்ந்தது. பிற்கால ஆய்வாளர்கள் அதை 110ஆக நீட்டினார்கள். ஒதுக்கித் தள்ள வேண்டியவை என்று ஒருவர் எழுதிவைத்த பட்டியலை, இன்று உலகெங்கும் தொலைநோக்கி வாங்குகிறவர்கள் முதலில் தேடிப் பார்க்கிறார்கள். இதை ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால், எம் 1ஐப் பார்த்து “இவ்வளவுதானா?” என்று முகம் சுளித்த கல்லூரி மாணவர்களும் இன்னொரு முறை குனிந்திருப்பார்கள்.

அந்த முகச் சுளிப்புக்கு விடுதியின் விளம்பரமும் ஒரு காரணம். அறிவிப்புப் பலகையிலும் முன்பதிவுப் பக்கத்திலும் செந்நிறமும் நீலமும் கொப்பளிக்கும் விண்முகில் படங்களைப் போட்டிருக்கிறார்கள். அவை ஒளியை நெடுநேரம் சேகரித்து எடுக்கப்பட்ட படங்கள். நம் கண்ணிலோ, மங்கிய ஒளியில் வேலை செய்யும் செல்கள் நிறத்தைப் பிரித்தறிவதில்லை. ஆகவே எட்டு அங்குலத் தொலைநோக்கியில் எம் 1 சாம்பல் நிறத்தில் ஒரு நீள்வட்டத் திட்டாகத்தான் தெரியும். ஓரியன் விண்முகிலான எம் 42 மட்டும் விதிவிலக்கு. மாசியில் இரவு எட்டு மணிக்கு அது தலைக்கு மேலே வெகு உயரத்தில் நிற்கிறது. நடுவில் டிரபீசியம் எனப்படும் நான்கு இளம் விண்மீன்கள், அவற்றைச் சுற்றி இரு சிறகுகள் விரித்தாற்போன்ற வாயுப் பரப்பு, சிலர் கண்ணுக்கு லேசான பச்சைச் சாயல். நேராகப் பார்க்காமல் சற்றே ஓரப் பார்வையாகப் பார்த்தால் சிறகுகள் இன்னும் நீளும் என்பதை வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் அது.

முன்னிரவுப் பகுதியில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது, வழிகாட்டி எண் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு, இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸுக்குக் கிழக்கே உள்ள மூன்று கொத்துகளை அடுத்தடுத்துக் காட்டிய இருபது நிமிடங்கள்தான். முதலாவது என்.ஜி.சி. (புதிய பொதுப் பட்டியல்) 2360. இதை 1783 பிப்ரவரியில் கண்டவர் கரோலின் ஹெர்ஷல். அண்ணன் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் கண்டதைக் கூவிச் சொல்ல, இரவெல்லாம் அமர்ந்து எழுதிக்கொடுத்து, பகலில் கணக்கிட்டு, அவருடைய மூன்று பட்டியல்களிலும் மொத்தம் 2,500 பொருள்கள் இடம்பெறுவதற்கு அடித்தளமாக இருந்தவர். எட்டு வால்மீன்களைத் தாமே கண்டுபிடித்தார். அண்ணன் இறந்த பிறகு அந்த 2,500 பொருள்களையும் வானப் பகுதி வாரியாக மறுபடி ஒழுங்குபடுத்தித் தந்தமைக்காக 1828இல் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். ஐபீஸில் தெரிவது ஐம்பதுக்கும் மேற்பட்ட மெல்லிய புள்ளிகளின் திரள். பார்த்த மாத்திரத்தில் மயக்குவதல்ல, நின்று பார்த்தால் பிடித்துப்போவது.

அடுத்து எம் 47. மெசியே தம் குறிப்பில் இதன் இடத்தைக் கணக்கிடும்போது கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டுவிட்டார். அவர் சொன்ன இடத்தில் எதுவுமே இல்லாததால், இந்தக் கொத்து நெடுங்காலம் ‘காணாமற்போன’ மெசியே பொருளாகவே இருந்தது. வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடிய ஒரு கொத்து எழுத்துப் பிழையால் தொலைந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் பட்டியலுக்குத் திரும்பியது. அதற்கு ஒரு பாகைக்கும் சற்றுக் கூடுதலான தொலைவில் எம் 46. அதில் நூற்றுக்கணக்கான மங்கலான விண்மீன்களுக்கிடையே, வடிகட்டியைப் பொருத்தியவுடன், சிறு வட்டமான புகை வளையம் ஒன்று எழும்பி நிற்கிறது. வில்லியம் ஹெர்ஷல் 1786இல் கண்ட என்.ஜி.சி. 2438 என்னும் கோள் வடிவ விண்முகில் அது. கொத்தைச் சேர்ந்ததல்ல, நமக்கும் கொத்துக்கும் இடையே நிற்பது. இவை உண்மையில் வாயுவா, அல்லது தொலைவினால் ஒன்றாகத் தோன்றும் விண்மீன் திரளா என்ற வழக்கு, வில்லியம் ஹக்கின்ஸ் 1864இல் இத்தகைய ஒரு பொருளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்து, அது வாயுவே என்று காட்டும் வரை தீரவில்லை. வடிகட்டியைப் போட்டும் எடுத்தும் அந்த வேறுபாட்டை நம் கண்ணாலேயே பார்க்கவைத்தது நல்ல யோசனை. விண்மீன்கள் மங்குகின்றன; வளையம் மட்டும் மங்குவதில்லை.

பத்தரைக்கு இடைவேளை. தட்டுவடை செட்டும் தோட்டத்துக் காப்பியும் தந்தார்கள். இரண்டும் நன்றாகவே இருந்தன.

பதினோரரைக்குத் தொடங்கும் இரண்டாம் பகுதிக்கு எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பேரே இருந்தோம், விளக்குகளும் அணைந்திருந்தன. ஏற்காடு வட அட்சம் பன்னிரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவாக அமைந்திருப்பதன் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. பாரிஸ் ஏறத்தாழ 49 பாகையில் இருப்பதால், வானத்தின் தென்கோடி மெசியேயின் அடிவானத்துக்குக் கீழே மறைந்துகிடந்தது. அவர் பட்டியலின் தென்கோடிப் பொருளான எம் 7, விருச்சிகத்தின் வாலருகே உள்ளது, பாரிஸில் ஆறு பாகை உயரமே ஏறும். நமக்கோ அது 43 பாகைக்கு மேல் உயர்கிறது. அந்த மறைந்த வானத்தைப் பட்டியலிட்டவர் நிக்கோலா லூயி த லகாய். 1751இல் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு வந்து, அரை அங்குல அகலமே உள்ள சிறு தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஏறத்தாழ பத்தாயிரம் விண்மீன்களின் இடங்களை அளந்தவர். அந்த வேலையின் ஊடே கண்ணில் பட்ட 42 விண்முகில்களையும் கொத்துகளையும் மூன்று வகையாகப் பிரித்து 1755இல் வெளியிட்டார். மெசியே தம் பட்டியலைத் தொடங்கும் முன்பே முடிந்துவிட்ட பணி இது. எங்கள் வழிகாட்டியின் விளக்கமும் இங்கே வந்ததும் உயிர்பெற்றுவிட்டது. முன்னிரவில் எண் சொன்ன அதே மனிதர்தானா என்று தோன்றியது.

நள்ளிரவை ஒட்டிக் கரினா விண்முகில் நேர் தெற்கில் வந்து நின்றது. இங்கிருந்து அது பதினெட்டுப் பாகைக்குச் சற்று மேலேதான் ஏறும் என்றாலும், இருண்ட பட்டையொன்று குறுக்கே ஓடி ஒளியைப் பிளப்பது தெளிவாகத் தெரிந்தது. அதன் நடுவில் உள்ள ஈட்டா கரினா விண்மீன் திடீரென்று பிரகாசமடைவதை, தென்வானைப் பட்டியலிட ஆப்பிரிக்க முனைக்குச் சென்றிருந்த வில்லியமின் மகன் ஜான் ஹெர்ஷல் 1837 டிசம்பரில் நேரிலேயே கண்டார். 1843இல் அது சிரியஸுக்கு அடுத்தபடியாக ஒளிர்ந்து, பின்னர் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கியது. 1834 முதல் 1838 வரை அவர் அங்கே செய்த வேலை, தென்வானத்தின் முந்தைய பட்டியல்களைச் சலித்துப் பார்ப்பதாகவும் அமைந்தது. ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் 1828இல் வெளியிட்ட 629 பொருள்களில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அவரால் காண முடிந்தது.

அதன் பிறகு ஒமேகா சென்டாரி. 1603இல் விண்மீன் வரைபடம் வெளியிட்ட பேயர் இதை ஒரு விண்மீன் என்று எண்ணி எழுத்துப் பெயர் சூட்டினார். 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த வானியலாளர் எட்மண்ட் ஹாலி இது விண்மீன் அல்ல என்று குறித்தார். லகாயின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு கோடி அளவுக்கு விண்மீன்கள் நெருங்கியிருக்கும் கோளக் கொத்து. 10 மில்லிமீட்டர் ஐபீஸில், கறுப்புக் கம்பளியின் மேல் ரவையைக் கொட்டியது போலக் காட்சிப் பரப்பு முழுவதும் நிறைந்துவிட்டது. பாரிஸ் அடிவானத்துக்கு மேலே ஒருபோதும் வராத பொருள் இது. முன்னிரவில் முகம் சுளித்த மாணவர்களுள் தங்கியிருந்த ஒருவர், “சார், இன்னொரு தடவை பாத்துக்கட்டுங்களா?” என்று கேட்டு மூன்று முறை வரிசையில் வந்து நின்றார்.

இந்த இடத்தில் நடத்துபவர்களுக்கு ஒரு யோசனை. சேலம் நகரம் இங்கிருந்து தெற்கே, சற்று மேற்குச் சாய்வாக அமைந்துள்ளது. அந்தத் திசையில் வானத்தின் கீழ்ப்பகுதி நகர வெளிச்சத்தால் வெளிறிக் கிடக்கிறது. ஆகவே தென்வானப் பொருள்களை அவை உச்சிக்கோட்டை (வடக்கு தெற்காக உச்சி வழியே செல்லும் கோடு) தாண்டும் முன்பே, தென்கிழக்கில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஒமேகா சென்டாரியை இந்த முறையில் சரியாகக் காட்டினார்கள். நள்ளிரவு கடந்த அரைமணி நேரத்தில் அது தென்கிழக்கில் 23 பாகை உயரத்தில், கறுத்த வானத்தில் நின்றது. ஆனால் லகாயின் இன்னொரு அருமையான கண்டுபிடிப்பான என்.ஜி.சி. 2477ஐப் பதினோரரைக்கு மேல் காட்டியது முறையல்ல. ஒன்பதேகால் அளவில் நேர் தெற்கில் நாற்பது பாகை உயரத்தில் நின்ற அந்தக் கொத்து, அதற்குள் சரியாகச் சேலத்தின் வெளிச்சத்துக்கு மேலே இறங்கிவிட்டிருந்தது. எம் 1ஐ விட்டுவிட்டு இதை முன்னிரவுக்கு மாற்றினால் 1,200 ரூபாய் கொடுத்தவர்களுக்கும் நியாயம் கிடைக்கும். வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி நமக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூரில் நிற்பதற்கும், தென்வானத்தின் பெரும்பகுதி இந்த அட்சத்திலிருந்து எட்டுகிறது என்பது ஒரு காரணம்.

முன்பதிவு செய்வோர் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது. விடுதி தந்த அட்டவணையில் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமைகளும் அதே கட்டணத்தில், அதே விவரணையுடன் இடம்பெற்றுள்ளன. முழுநிலவு நாளில் மேலே சொன்ன விண்முகில்களில் எம் 42 தவிர வேறெதுவும் உருப்படியாகத் தெரியாது. நிலவைப் பார்க்கும் இரவு என்று அறிவித்துக் கட்டணத்தைக் குறைப்பதே நேர்மை. மூடுபனி இறங்கினால் பாதிப் பணம் திருப்பித் தரப்படும் என்கிறார்கள். ஏற்காட்டில் அது அடிக்கடி பொருந்தும் விதி என்பதால், முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவும். பின்னிரவுப் பகுதியை எடுப்பவர்கள் அங்கேயே தங்கிவிட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தூக்கக் கண்ணுடன் இறங்குவது நல்லதல்ல. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உயரம் மாற்றக்கூடிய நாற்காலி ஒன்று தேவை. இப்போது இருப்பது பிளாஸ்டிக் முக்காலி.

புறப்படும்போது நூறு ரூபாய்க்கு ஓர் அச்சிட்ட தாள் விற்கிறார்கள். எம் 1 முதல் எம் 110 வரை நிரலாக இருக்கிறது. தென்வானப் பொருள் ஒன்றுகூட இல்லை. வானியலாளர் டிரேயர் 1888இல் ஹெர்ஷல் குடும்பத்தின் உழைப்பையும் பிறருடையதையும் தொகுத்து 7,840 பொருள்களுடன் வெளியிட்ட புதிய பொதுப் பட்டியலின் எண்களைத்தான் நாம் என்.ஜி.சி. என்று குறிப்பிடுகிறோம் என்ற ஒரு வரிகூட அதில் கிடையாது. அந்தத் தாளை வாங்குவதைவிட, அதன் விலைக்கு ஒரு குறிப்பேடு வாங்கி, மாசி, பங்குனி மாதங்களில் செல்பவர்கள் இந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு போகலாம்: என்.ஜி.சி. 2477, என்.ஜி.சி. 2516, கரினா விண்முகில், அதனருகே தென்கார்த்திகை எனத்தக்க ஐ.சி. (என்.ஜி.சி.யின் துணைப் பட்டியல்) 2602, பின்னிரவு ஒரு மணிக்கு மேல் தெற்குச் சிலுவையின் பக்கத்தில் நகைப்பெட்டி என்று பெயர் பெற்ற என்.ஜி.சி. 4755. இவை ஐந்தும் லகாயின் பட்டியலில் உள்ளவை. கேட்டால் அந்த வழிகாட்டி தயங்காமல் காட்டுவார்.